மலையிறங்கும் போதும் மலையேறும் போதும்

கந்தப்பளையிலிருந்து எத்திசை நோக்கிப் பயணம் புறப்படுபவரும் பெரும்பாலும் முதலிற் செய்வது மலையிறங்குவதே. ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த இவ்வூரில் அதிகாலைப் பனியிற் கம்பளிச் சட்டையும் தலையிற் குல்லாயுமாகப் பஸ் வண்டியில் ஏறுகிறவர், நுவரெலியாவைத் தாண்டி, இறம்பொடை வளைவுகளைக் கடந்து, புசல்லாவை, கம்பளை என்று இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துப் பையில் வைக்கிறார். மாலையிற் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடையும் பொழுது வியர்வை வழிய நிற்கிறார். ஒரே பகலில் ஆறாயிரம் அடி! மனம் இதனைப் பயணத்தின் தொடக்கம் என்று மட்டுமே கொள்கிறது. உடம்பு வைத்திருக்கும் கணக்கு வேறு.

முன்னெல்லாம் நம்மவர் கடல் கடந்து செல்வது அரிது. இன்று அப்படியில்லை. தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். மாணவர் இந்தியாவுக்குப் படிக்கப் போகின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வர்த்தகர்களும் குழுவாகச் சேர்ந்து காசிக்கும் நேபாளத்துக்கும், சிலர் கயிலை மலைக்குமே யாத்திரை போகின்றனர். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, மாற்றிய பணம், ஊறுகாய்ப் போத்தல் என்று எல்லாவற்றையும் பலமுறை சரிபார்க்கும் வீடுகளில், போகிற உடம்பு அங்குள்ள சீதோஷ்ணத்துக்குப் பழக எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

பயணத்தின் விலையை உயிராற் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தே வந்தனர். குளத்து நீரைக் குடித்தவர்களை வாந்திபேதி கொண்டது. நுளம்பு கடித்தவர்களைக் குளிர்காய்ச்சல் கொண்டது. இவற்றுக்குத் தப்பி மலைக்கு வந்து சேர்ந்தவர்களில், வெயிலிற் காய்ந்த கிராமங்களையன்றி வேறெதனையும் அறியாத பலரை இம்மலைக் குளிரும் மழையும் சளிச்சுரமாக வந்து வாட்டின. வழியில் மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. மாண்டவர் மிகப் பலர் என்பதில் இல்லை. அவர்களுக்கு நுளம்பால் நோய் வருகிறது என்பதைச் சொல்ல உலகில் ஒருவரும் இருக்கவில்லை. இரொனால்ட் ரொஸ் என்ற வைத்தியர் செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேதான்.

ஈண்டு ஒரு விந்தையைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. நமக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்காவுக்கு ரோஜா பார்க்கப் போகாதவர் இப்பகுதியில் இருக்க மாட்டார். அது 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது ரோஜாவுக்காக அன்று, சிங்கோனா மரத்துக்காக. தென்னமெரிக்க மலைகளுக்குரிய அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கு மருந்தாகிய குவினைன் எடுக்கப்பட்டது. கோப்பியை இலைநோய் அழித்த பின்னர், 1880ஆம் ஆண்டுகளில் தோட்டத்துரைமார் போட்டியிட்டுக் கொண்டு சிங்கோனா நட்டனர். மட்டு மிஞ்சி விளைந்தமையால் விலை வீழ்ந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நட்டனர். இவ்வாறு, மலேரியா இல்லாத மலையிலே மலேரியாவுக்கு மருந்து விளைந்தது.

ஏன் நம் மலையில் மலேரியா இல்லை? நுளம்பின் உடலுக்குள்ளே அக்கிருமி வளர்ந்து முதிர்வதற்கு வெப்பம் வேண்டும். வெப்பமான நாட்டில் அது இரண்டு வாரங்களுக்குள் முதிர்ந்துவிடும். நம் குளிரிலோ அது முதிரும் முன்னரே நுளம்பு செத்துப் போகும். மலையில் வாழ்ந்தோருக்கு இது பெரும் பேறு. கீழே இறங்கும் பொழுது அதுவே அபாயமாக மாறும். மீண்டும் மீண்டும் மலேரியா கண்ட ஊர்களில் வளர்ந்தவர் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் ஏற்பட்டிருக்கும். அதனை அறியாத ஊரில் வளர்ந்தவருக்கு அது கிடையாது. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். கடும் வரட்சியால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி நுளம்பு பெருகிய அக்காலத்தில் மிகவும் அடிபட்டவர், வழக்கமாக மலேரியா மிகுந்த வரண்ட பிரதேசத்தார் அல்லர். அதற்கு முன் அந்நோயை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் போன்ற பகுதி மக்களேயாவர்.

அந்த மலேரியா இன்று இலங்கையில் இல்லை. இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் காணப்பட்டார்; 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. இது சாதாரண வெற்றியன்று. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கு மாத்திரமே மலேரியா கண்டது என்று மகிழ்ந்திருந்து, கண்காணிப்பைத் தளர்த்தியமையால், அப்பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பீடித்த அனுபவம் நமக்குண்டு. ஆனால் ஆபிரிக்க நாடுகளிலும் இந்தியாவின் சில மாநிலங்களிலும் மலேரியா இன்னும் உள்ளது. இவ்விடங்களுக்குப் போகிறவர் முன்கூட்டியே மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகத்தை நாட வேண்டும். தடுப்பு மாத்திரையை அங்கே இலவசமாகவே கொடுக்கின்றனர். புறப்படு முன்னரே விழுங்கத் தொடங்கி, அங்கிருக்கும் காலமெல்லாம் விழுங்கி, திரும்பி வந்த பின்னரும் வைத்தியர் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். சில மாத்திரைகளுக்கு அது நான்கு வாரம். வீட்டு வாசலை மிதித்ததும் மாத்திரையை நிறுத்துபவரே அதிகம். மலேரியா நுளம்பு இரவிற் கடிப்பது; ஆதலின் வலைக்குள்ளே படுக்க வேண்டும். டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. ஆதலின் நீண்ட கைச்சட்டையும் பூச்சுமருந்தும் வேண்டும். டெங்குவோ என்று ஐயம் எழுந்த காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அன்றி அஸ்பிரின் வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரத்தக் கசிவு மிகும்.

ஆபிரிக்கா, தென்னமெரிக்கா செல்வோர் சிலருக்கு மஞ்சட் காய்ச்சல் ஊசியும் தேவை. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அதனைப் போட்டுச் சான்றிதழ் தருவர். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். முந்திய நாள் ஓடிப் போய்ப் பயனில்லை.

இனி வெயிலைப் பற்றிச் சொல்வோம். மத்திய கிழக்குக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் பதினைந்து, இருபது பாகைக் குளிரிலே பிறந்து வளர்ந்தவர்கள். சென்று இறங்குவதோ நாற்பது பாகைக்கு மேற்பட்ட கோடையில். புதிய வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அக்காலத்தில் வியர்வை முன்னதாகவே சுரக்கவும், அவ்வியர்வையில் உப்புக் குறையவும், இருதயம் சிரமமின்றித் தொழிற்படவும் உடல் தானே கற்றுக் கொள்கிறது. வெயிலில் வேலை செய்து மாண்டவர் வரலாறுகளை ஆராய்ந்தவர் கண்டது, அவருட் பலர் வேலையிற் சேர்ந்த முதல் சில நாட்களுக்குள்ளேயே மாண்டனர் என்பது. கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகள் கோடை மாதங்களில் உச்சிப் பொழுதில் வெளிவேலையைச் சட்டத்தால் தடுத்துள்ளன. புதிதாகப் போனவர் அந்த நேரத்திலேனும் நிழலில் இருக்கும் உரிமை தமக்குண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். “சோம்பேறி என்று நினைப்பார்கள்” என்று வெட்கப்பட்டு வெயிலில் நிற்கக் கூடாது. தலை சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு முதலியன முதல் எச்சரிக்கை. பேச்சுத் தடுமாறி, உடல் நெருப்பாய்க் கொதிக்குமாயின் அது வெப்பத் தாக்கு. அந்நேரத்தில் வைத்தியசாலைக்கு ஆளனுப்பிவிட்டு அது வரும் வரை காத்திராமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களைப் பற்றி ஒரு சொல். மலசலகூடத்துக்குப் போக அடிக்கடி அனுமதி கேட்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்ளும் பழக்கம் அவர்களிடம் உண்டு. கொழுந்து மலையில் நின்று வேலை செய்த காலத்திலேயே அவர்கள் கற்றுக் கொண்ட பழக்கம் அது. குளிர் மலையில் அதன் தீங்கு மெதுவாகவே தெரியும். பாலைவனத்து வெப்பத்தில் ஒரே வாரத்திற் சிறுநீர்க் கடுப்பாகவும் மயக்கமாகவும் வெளிப்படும். தாய்மார் தம் பெண்களை வழியனுப்பும் பொழுது இதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதுகாறும் இறங்குவதைப் பற்றிச் சொன்னோம். ஏறுவதைப் பற்றி நம்மவரிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. “நாம் மலைநாட்டார், நமக்கென்ன மலை புதிதா?” என்பதே அது. இந்நம்பிக்கை உயிரைக் குடிக்க வல்லது.

இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். மலைநோய் எனப்படும் துன்பம் பொதுவாகத் தொடங்குவதோ 2,500 மீற்றருக்கு மேலேதான். ஆகவே ஆண்டுதோறும் சிவனொளிபாதம் ஏறியவரும் இந்நோயை அறிந்தவரல்லர். சீனர் இதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்து, மேற்கே செல்லும் வழியிலிருந்த மலையொன்றைப் பெருந்தலைவலி மலை என்றே அழைத்தனர்.

காரணம் எளிது. காற்றிற் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஒன்றே, நூற்றுக்கு இருபத்தொன்று. ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசத்தைத் தாங்கும் காற்று, கந்தப்பளையில் ஏறக்குறைய 600ஐத் தாங்குகிறது. கயிலை யாத்திரிகர் நீராடும் மானசரோவரம் 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே அது 430 அளவில் நிற்கும். கயிலையை வலம் வருவோர் கடக்கும் தோல்மாக் கணவாய் 5,630 மீற்றர். அங்கே மூச்சொன்றில் உட்செல்லும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியே. நம் வீட்டு அடுப்பிலேயே இதன் சிறு சான்று உண்டு. கொழும்பிலிருந்து வரும் உறவினர் இங்கே பருப்பு வேக நேரமாகிறது என்று முறையிடுவதில்லையா? நம் ஊரில் நீர் 94 பாகை அளவிற் கொதித்துவிடுகிறது. மானசரோவரத்தில் 85 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.

கந்தப்பளையில் வாழ்ந்த உடம்புக்குச் சிறிது அனுகூலம் உண்டென்பது உண்மையே. ஆனால் கடல் மட்டத்துக்கு இறங்கிச் சில நாள் தங்கினால் அந்தச் சிறிதும் தேய்ந்துவிடும். கால் வலிமையும் இளமையும் இங்கே காப்பல்ல. திடகாத்திரமுள்ள இளைஞன் வேகமாக ஏறுவான். வேகமாக ஏறுகிறவனையே இந்நோய் முதலிற் பிடிக்கும்.

நாம் அறிந்த ஒருவர் அனுபவத்தைக் கூறுவது பொருந்தும். அவர் நம்மைப் போல் ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது முறைக்கு மேற் சிவனொளிபாதம் ஏறியவர். காட்மண்டுவிலிருந்து வாகன வழியாகக் கயிலைக்குப் போகும் குழுவொன்றிற் சேர்ந்தார். காட்மண்டு 1,400 மீற்றர். எல்லை தாண்டியதும் வரும் கெருங் என்ற ஊர் ஏறக்குறைய 2,800. அடுத்த தங்குமிடமாகிய சாகா ஏறக்குறைய 4,500. கெருங்கில் இரண்டு இரவு தங்குவதாக அச்சிட்ட நிரலில் இருந்தது. செலவைக் குறைக்க எண்ணிய அமைப்பாளர் ஓரிரவைக் குறைத்துவிட்டார். சாகாவில் நண்பருக்குத் தலைவலி தொடங்கியது. பனிக்காற்று என்று சொல்லிக் கொண்டார். உணவு வேண்டியிருக்கவில்லை, விரதம் என்று சொல்லிக் கொண்டார். உறக்கம் வரவில்லை, பக்திப் பரவசம் என்று எண்ணிக் கொண்டார். சொன்னால் தம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற அச்சம் வேறு. மானசரோவரக் கரையில் அன்று மாலை வேட்டியை மாற்றும் பொழுது, அறுபது ஆண்டுகளாகக் கட்டிய வேட்டியை இடுப்பில் நிறுத்திக் கட்ட அவர் விரல்களுக்குத் தெரியவில்லை. இதனைக் கண்டது குழுவுடன் வந்த நேபாள உதவியாளர் ஒருவர். ஒரு கோட்டின் மேல் குதியையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடந்து காட்டும்படி கேட்டார். நண்பர் மூன்றாவது அடியில் சாய்ந்தார். விடியும் வரை பார்ப்போம் என்று மற்றவர் சொன்னதை அந்த உதவியாளர் ஏற்கவில்லை. அவ்விரவே வாகனம் பிடித்து, அறுநூறு மீற்றரளவு தாழ்ந்த தக்லாகோட்டுக்கு அவரை இறக்கினார். நண்பர் இன்று சுகமாக இருக்கிறார். கயிலையை மட்டும் காணவில்லை.

அந்த உதவியாளர் அறிந்திருந்ததை நாமும் அறிந்திருப்பது நல்லது. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் முதல் நிலை. உயரத்தில் வரும் தலைவலி வேறு காரணத்தால் வந்ததென்று தெளிவாகும் வரை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினாற் பெரும்பாலும் ஓரிரு நாளிற் குணமாகும். நடை தள்ளாடினாலோ புத்தி மயங்கினாலோ மூளையில் வீக்கம் கண்டுவிட்டது என்று பொருள். இருந்த இடத்தில் இருக்கும் பொழுதே மூச்சிரைத்து, இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டுக்கும் மருந்து இறங்குவதே. இரவாயினும் மழையாயினும் உடனே இறங்குவது. பிராணவாயுக் குழாய் இறங்கும் வழியில் உதவுமேயன்றி இறங்குவதற்கு ஈடாகாது. உறக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தளர்த்துவன. அறவே விலக்க வேண்டியவை.

வராமற் காக்கும் வழியோ பொறுமை ஒன்றுதான். மூவாயிரம் மீற்றருக்கு மேலே சென்ற பின்னர், இன்றிரவு துயிலும் இடம் நேற்றிரவு துயின்ற இடத்தினும் ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கிப் படுப்பது தவறன்று. நேபாளத்து முக்திநாத்துக்குப் போவோர் பலர் 2,700 மீற்றர் அளவிலுள்ள ஜொம்சொமிலிருந்து சென்று, தரிசனம் முடித்து அன்றே இறங்கிவிடுவதால் தப்பிக் கொள்கின்றனர். வாகன வழி இவ்விதிக்கு இடங்கொடாத இடங்களிற் கூடுதலாகத் தங்குவதே வழி. ஆகவே யாத்திரைக்குப் பணம் கட்டு முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியது, சாப்பாடு சைவமா என்பது மட்டுமன்று. எந்த இரவு எந்த உயரத்திற் படுக்கிறோம் என்பதும் ஆகும். அதற்கு விடை சொல்லத் தெரியாத அமைப்பாளரோடு போகலாகாது. அசெற்றசோலமைட் என்ற மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் அதனை வைத்தியர் சொல்லியே எடுக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். இருதய நோய், சுவாச நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரின் சம்மதமின்றி இவ்வுயரங்களை நினைக்கவே கூடாது.

அப்பர் சுவாமிகள் கயிலைக்கு நடந்த வரலாற்றைச் சேக்கிழார் வாயிலாக நாம் அறிவோம். கால் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்தும் புரண்டும் சென்றவரை, இறைவனே முனிவர் வடிவில் எதிர்ப்பட்டுத் திரும்பிப் போகும்படி சொல்கிறார். அப்பர் மறுக்கிறார். முடிவில் அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, கயிலைக் காட்சியை அங்கேயே காண்கிறார். திரும்பிப் போகச் சொன்ன முனிவரின் சொல்லை மட்டும் நம் யாத்திரிகர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூடாக வந்ததை உண்க. அறுத்து வைத்த பழத்தையும் பனிக்கட்டி இட்ட பானத்தையும் விலக்குக. ஐயமான இடத்தில் நம் வெறுந்தேநீரை விடச் சிறந்த பானம் இல்லை. கொதித்த நீரன்றோ அது! உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திற் கொதிப்பதால் மூன்று நிமிடம் தொடர்ந்து கொதிக்க விட்டாற் போதும். பேதி கண்டால் ஜீவனிப் பொட்டலம். அது கிட்டாவிடில் ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்துப் பருகலாம். காட்மண்டுக் கோவில்களிற் குரங்குக்குக் கடலை நீட்டும் அன்பர்கள், குரங்குக் கடியாலும் விசர்நோய் வரும் என்பதை நினைவிற் கொள்க. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

பயணம் முடிந்து மீண்டும் மலையேறி வீடு வந்த பின்னரும் உடம்பின் பயணம் முடிந்துவிடுவதில்லை. மலேரியாவில் ஒரு வகை சில நாட்களுக்குள் ஆளைக் கொல்ல வல்லது. மற்றொரு வகை ஈரலிற் பதுங்கியிருந்து பல மாதங்களுக்குப் பின்னரும் எழும். மலேரியா ஒழிந்த நாட்டில் இளம் வைத்தியர் பலர் ஒரு மலேரியா நோயாளரையேனும் கண்டிரார். அவர்கள் காய்ச்சலைக் கண்டால் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் நினைப்பார்களே ஒழிய, மலேரியாவை நினைக்க நேரமாகலாம். ஆகவே வெளிநாடு சென்று வந்தவருக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேளாவிட்டாலும், எந்த நாட்டில் எந்த மாதத்தில் இருந்தோம், எப்பொழுது திரும்பினோம், தடுப்பு மாத்திரையை எத்தனை நாள் விழுங்கினோம் என்பவற்றை முதல் வார்த்தையாகவே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். நோயாளர் பேச முடியாத நிலையிலிருந்தால் உடன் செல்பவர் சொல்ல வேண்டும்; எனவே அவ்விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டின் உள்ளே வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கேனும் காட்டி வைப்பது நன்று.